அம்மைன்னு நினைச்சா... கவாசாகி!

எங்க அம்பத்தூர் பக்கம் குழந்தைக்குக் காய்ச்சல் அடிச்சு உடம்பு சிவந்தா முதல் தீர்ப்பு "அம்மை போட்டிருக்கு". வாசல்ல வேப்பிலை, திருவேற்காடு கருமாரிக்கு வேண்டுதல், வீட்ல தாளிப்பு கிடையாது, மருந்தும் கிடையாது. கோடைன்னா இரண்டாவது தீர்ப்பு வேர்க்குரு. பாதி நேரம் பாட்டிங்க சொல்றது சரியாவும் போயிடுது, அதான் சிக்கலே.

எதிர் வீட்டு ஒன்றரை வயசு வாண்டுக்குப் போன வருஷம் இப்படித்தான். மூணு நாள் காய்ச்சல், நாலாம் நாள் முதுகு, வயிறெல்லாம் சிவப்புத் திட்டு. கொப்புளம் இல்லை. பக்கத்துல ஒரு கிளினிக்ல ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தாங்க, காய்ச்சல் அசையலை. கண்ணு ரெண்டும் சிவப்பு, ஆனா பீளை இல்லை. உதடு வெடிச்சு, பாதம் வீங்கி செருப்பு நுழையலை. ஆறாம் நாள் ரயிலேறி சென்ட்ரல், அங்கேர்ந்து ஆட்டோல எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. துணைக்கு நானும் போனேன்.

அங்க ஒரு டாக்டரம்மா திட்டைப் பார்த்துட்டு நேரா இடது தோளைத் திருப்பினாங்க. பிறந்தப்ப போட்ட பிசிஜி தழும்பு செக்கச்செவேல்னு வீங்கியிருந்தது! "எக்கோ எடுக்கணும்"னாங்க. "தோல்ல வந்ததுக்கு ஹார்ட் டெஸ்ட் எதுக்கு மேடம்?"னு அப்பா முழிச்சார்.

பேரு கவாசாகி நோய். (பைக் கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை :-)) டோக்கியோ குழந்தை டாக்டர் டொமிசாகு கவாசாகி 1961-ல் ஒரு நாலு வயசுப் பையன்கிட்ட முதல்ல பார்த்தார். 50 குழந்தைகளோட விவரம் சேர்த்து 1967-ல் எழுதினார். ரத்தக்குழாய்கள் அழற்சியில் வீங்குற நோய் இது. நம்ம கண்ணுக்குத் தெரியறது திட்டு, அடி வாங்கறது இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாய். வைத்தியம் பண்ணாட்டி சுமார் நாலில் ஒரு குழந்தைக்கு அது பலூன் மாதிரி புடைச்சுக்கும். காய்ச்சல் ஆரம்பிச்ச 10 நாளுக்குள்ள இம்யூனோகுளோபுலின் ஏத்தினா அந்த ஆபத்து ரொம்பக் குறையும். கிலோவுக்கு 2 கிராம் கணக்கு. வாண்டு 10 கிலோ, ஆக 20 கிராம். ஆயிரக்கணக்கான பேரோட பிளாஸ்மாலேர்ந்து பிரிச்செடுக்கிற மருந்து, வெளியே வாங்கினா விலையைக் கேட்டே மயக்கம் வரும்.

வில்லங்கம் என்னன்னா, ஒண்ணுமே பண்ணாட்டியும் காய்ச்சலும் திட்டும் ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா அடங்கிடும். "ஆத்தா இறங்கிட்டா"ன்னு வேப்பிலைத் தண்ணி ஊத்திடுவாங்க. அப்புறம் விரல் நுனியில் தோல் உரியும், அதுவும் அம்மைக் கணக்குலயே போயிடும். உள்ளே குழாய் புடைச்சது யாருக்குத் தெரியப் போகுது?

2020-ல் கொரோனாவுக்குப் பின்னாடி சில குழந்தைகளுக்கு இதே சாயல்ல ஒண்ணு வந்தது. திட்டு, சிவந்த கண்ணு, விடாத காய்ச்சல். அப்போ நுங்கம்பாக்கம் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஒரு 8 வயசுப் பையனுக்கு இம்யூனோகுளோபுலினும் டோசிலிசுமாபும் கொடுத்துத் தேத்தினதை 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்'ல எழுதினாங்க. கவாசாகி மேல பல டாக்டர்களுக்குப் புதுசா ஒரு கண்ணு விழுந்ததே அதுக்கப்புறம்தான்னு எனக்குத் தோணுது.

நம்ம வாண்டுக்கு ஏழாம் நாள் மருந்து ஏறிச்சு. குழாய் லேசா புடைச்சிருந்தது, சின்ன டோஸ் ஆஸ்பிரின்ல வச்சு ரெண்டு மாசம் கழிச்சு எக்கோ எடுத்தப்ப பழைய அளவுக்கு வந்திருந்தது. இம்யூனோகுளோபுலின் ஏத்தினதால தட்டம்மை ஊசியை மட்டும் 11 மாசம் தள்ளிப் போட்டிருக்காங்க. புதுத் தேதியை தடுப்பூசி அட்டையில் சிவப்பு மையில எழுதிக் கொடுத்திருக்காங்க. பாட்டிதான் அதைப் பத்திரமா பீரோவுல வச்சிருக்காங்க.