இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

முதுகுத்தண்டில் அடிபட்டவர் வீட்டுக்கு வருகிறவர்கள் ஆரஞ்சுப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கேட்கிற முதல் கேள்வி, "நடந்துருவாங்களா?" என்பதுதான். பாசத்தில் கேட்கிறார்கள். நானும் டாக்டர்களிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கேள்வியின் பாரத்தில் மற்ற கேள்விகளெல்லாம் அமுங்கிப்போகின்றன. நடக்க முடியாததால் யாரும் செத்துப்போவதில்லை. உட்காரும் இடத்தில் வருகிற புண்ணும், மூத்திரப்பையில் தேங்குகிற சிறுநீரும்தான் உயிரை வாங்குகின்றன. என் மனைவி பிழைப்பாளா இல்லையா என்பது அந்த இரண்டில்தான் இருந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம் பக்கம் எங்கள் ஊர். 2017 கடைசியில், உறவுக்காரர் ஒருவரின் பைக்கில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனாள். வெள்ளைக்கோடு போடாத வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டது. நெஞ்சுப் பகுதியின் நாலாவது முள்ளெலும்பு நொறுங்கி, உள்ளே தண்டுவடம் நசுங்கிவிட்டது. கைகள் இரண்டும் நன்றாக இருந்தன. மார்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கட்டு மாத்திரையும், யூரின் டியூப் பையும், "பிசியோதெரபி பண்ணுங்க" என்ற ஒரு வார்த்தையும் கிடைத்தன. புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று அந்த இடத்தில் யாரும் சொல்லவில்லை.

தூங்கும்போது நாமெல்லாம் நம்மை அறியாமலே புரண்டு படுக்கிறோம். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்கி ரத்தம் போகாமல் நின்றால், உடம்பு உறுத்தும்; உறுத்தினால் திரும்பிக்கொள்வோம். தண்டுவடம் அறுந்தவர்களுக்கு அந்த உறுத்தல் மூளைக்குப் போய்ச் சேராது. சில மணி நேரத்திலேயே சதை செத்துப்போக ஆரம்பிக்கும். புத்தகங்களில் தோல் சிவக்கும் என்று எழுதியிருக்கிறது. நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? கொஞ்சம் கூடுதலாகக் கறுக்கும், தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அவ்வளவுதான் அடையாளம்.

அவளுக்கு வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்திருந்தது. காய்ந்த காயம், உதிர்ந்துவிடும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அந்தக் கறுப்பை வெட்டி எடுத்தார். உள்ளே என் உள்ளங்கை போகிற அளவுக்குக் குழி. அடியில் வெள்ளையாக எலும்பு. அந்த வாடை வார்டைத் தாண்டி வெளியே வந்தது. அவளுக்கோ வலி எதுவும் இல்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ மோசம் என்று தெரிந்துகொண்டாள். அன்று ராத்திரிக்குள் ரத்தத்தில் கிருமி கலந்து பிரஷர் இறங்கி, ஐ.சி.யூ.வில் என்னைத் தன் அப்பா என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் குண்டடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் இறந்துபோனார்கள். காரணம் இதே புண்ணும் இதே சிறுநீர்த் தொற்றும். 1944-ல் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஊரில் தண்டுவடக் காயக்காரர்களுக்கென்று தனி வார்டு தொடங்கினார். ஜெர்மனியில் யூதர்களுக்கு நடந்த கொடுமைக்குத் தப்பி வந்தவர் அவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரி பகல் பார்க்காமல், ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். சாகத்தான் போகிறார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பிழைத்து எழுந்து, 1948-ல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். இன்றைய பாராலிம்பிக் அங்கிருந்து வந்ததுதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் பாகாயத்தில் வந்த மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சி. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இத்தனை வருஷமாக இத்தனை பேர் கற்றுக்கொடுத்த பிறகும், புரட்டிப் போடுகிற பாடம் ஒரு வீட்டுக்குப் புண் வந்த பிறகுதான் வந்து சேர்கிறது என்பதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. செலவில்லாத வைத்தியம் இது. வாய்விட்டுச் சொன்னால் போதும்.

ஐ.சி.யூ.விலிருந்து வெளியே வந்தாலும் புண் ஆறவில்லை. அதற்குச் சாப்பாடும் ஒரு காரணம். புண் இருக்கிற உடம்புக்கு முட்டை ஆகாது, மீன் ஆகாது, கத்தரிக்காய் கரப்பான் என்று அப்பத்தா வரிசையில் இருந்த எல்லோரும் பத்தியம் சொன்னார்கள். ரசமும் சோறுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். டிரெஸ்ஸிங் செய்ய வந்த நர்சம்மாதான், கசிகிற நீரில் தினமும் புரதம் வெளியே போகிறது, முட்டை கொடுக்காமல் சதை எதை வைத்து வளரும் என்று கேட்டார். மறுநாளிலிருந்து முட்டை, கடலை, மீன். பெரியவர்கள் மனசு சங்கடப்பட்டார்கள். சதை சிவப்பாக ஏறி வருவதை ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் அத்தையே கோழி வளர்க்கிற வீட்டில் முட்டை சொல்லி வைத்தார்.

குழி பாதி நிறைந்ததும் பக்கத்துச் சதையைத் திருப்பிவைத்து மூடினார்கள். அதன்பின் வாரக்கணக்கில் குப்புறப் படுக்கை.

இந்தக் காலத்தில்தான் வேறொரு பேச்சு கிளம்பியது. மலம் எடுக்கிறது, துணி மாற்றுகிறது, மாதவிலக்குப் பார்க்கிறது எல்லாம் ஆம்பளை செய்கிற வேலையா, ஒரு பொம்பளையைக் கூட்டி வந்து வைக்கக் கூடாதா என்று. கணவன் படுத்தால் மனைவி செய்வதை யாரும் பேச்சாகவே எடுப்பதில்லை. நம் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் பேர் தெரியாமல் வருஷக்கணக்கில் செய்கிறார்கள். அதை ஒருவன் செய்தால் மட்டும் தியாகி ஆக்குகிறார்கள், அல்லது பாவம் என்கிறார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில் காலைக்கடனை முடித்துவிட்டால் அன்றைய பகல் அவளுக்கு நிம்மதி. கஷ்டம் அவளுக்குத்தான். ஆரம்பத்தில் முகத்தை முந்தானையால் மூடிக்கொள்வாள். நான் பள்ளிக்கூடத்துக் கதை, ஊர்க்கதை எதையாவது பேசிக்கொண்டே செய்வேன். ஒரு நாள் முந்தானையை விலக்கி, "அந்த அஞ்சாம் வகுப்புப் பய என்ன ஆனான், அதைச் சொல்லுங்க" என்றாள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. கரண்ட் போய்விட்டது. அவள் படுத்திருந்தது காற்று மெத்தை. மோட்டார் ஓடினால்தான் அதன் அறைகள் மாறி மாறி உப்பும். மோட்டார் நின்றால் கொஞ்ச நேரத்தில் சப்பென்று இறங்கி, வெறுங்கட்டிலில் கிடப்பதும் அதுவும் ஒன்றாகிவிடும். இலவம்பஞ்சுத் தலையணைகளை முதுகுக்கும் முழங்காலுக்கும் நடுவில் கொடுத்து, கைவிளக்கு வெளிச்சத்தில் கடிகாரம் பார்த்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் திரும்பி வர வாரங்கள் ஆயின.

புயலுக்கு மறுநாள் காலை, தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது என்றாள். நெற்றியும் கழுத்தும் முத்து முத்தாக வேர்த்திருந்தன. முகம் கன்றி, கையில் மயிர்க்கூச்செறிந்திருந்தது. காய்ச்சல் இல்லை. ரோடு முழுக்கத் தென்னை மரங்கள் கிடந்தன. 108-ஐக் கூப்பிட்டாலும் வந்து சேர வழி கிடையாது. ஆனால் இது என்ன என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். நெஞ்சின் ஆறாவது முள்ளெலும்புக்கு மேலே அடிபட்டவர்களுக்கு, உணர்ச்சியில்லாத பகுதியில் ஏதாவது தொந்தரவு வந்தால் உடம்பு பிரஷரை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். மூளையிலிருந்து அதைத் தணிக்கச் சொல்லும் உத்தரவு கீழே போகாது. விட்டால் மூளையில் ரத்தம் கசியலாம். பெரும்பாலும் காரணம் மூத்திரப்பை நிறைந்து நிற்பது.

அவளைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டேன். பாவாடை நாடாவைத் தளர்த்தினேன். "டியூபைப் பாருங்க, டியூபைப் பாருங்க" என்று அவளே சொன்னாள். கடைசியாகப் புரட்டியபோது தொடைக்கு அடியில் போய் மடங்கியிருந்தது. நிமிர்த்தியதும் பையில் மூத்திரம் விறுவிறுவென்று இறங்கியது. சில நிமிஷத்தில் வலி குறைந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். இந்த ஒரு பக்கக் குறிப்பு தெரியாமல் எத்தனை பேர் தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

அன்றைக்கு அவள் சொன்ன அந்த வார்த்தையிலிருந்துதான் அவள் தேறினாள் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். அதுவரை அந்த உடம்பை நான் காவல் காத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளே எடுத்துக்கொண்டாள். நிரந்தர டியூபை எடுத்துவிட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானே சின்னக் குழாய் விட்டுச் சிறுநீர் எடுக்கப் பழகினாள். 1972-ல் லேபிடஸ் என்ற அமெரிக்க டாக்டர், சுத்தமாகக் கை கழுவினாலே இதற்குப் போதும் என்று எழுதிக் காட்டினார். அதனால்தான் கிராமத்து வீட்டிலும் இது சாத்தியம். பெண்களுக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பழக வேண்டும். பொறுமை வேண்டும், கோபமும் வரும். முதுகை இன்னொரு கண்ணாடியில் தினமும் பார்க்கிறாள். சக்கர நாற்காலியில் கால் மணிக்கொரு தரம் கையை ஊன்றி எழும்பிக்கொள்கிறாள்.

நாற்காலியில் அவளைத் தெருவுக்குக் கூட்டிவரத் தயங்கியது நான்தான், அவளில்லை. 1991, 92-ல் அறிவொளி இயக்கம் நம் மாவட்டப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம், பாவாடை தாவணியில் சைக்கிள் ஏறியவள் அவள். "அப்பவும் இப்படித்தான் பாத்தாங்க. பாத்துப் பாத்துப் பழகிக்கிட்டாங்கல்ல" என்று சொல்லிவிட்டு, வாசல் சரிவில் தானே இறங்கினாள்.

2017-ல் புதுக்கோட்டை முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபின் பிசியோதெரபியும் வீட்டுப் பராமரிப்பும் கிராமத்து வாசலுக்கே வருகின்றன. கடுமையான ஊனமுள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் மாதம் 2,000 ரூபாய் ஆனது. இதெல்லாம் பெரிய விஷயம். ஆனாலும் அவள் ஏறக்கூடிய பஸ் ஒன்றுகூட எங்கள் ஊர் வழியாக வருவதில்லை. ஆலங்குடி போக வேண்டுமென்றாலும் வண்டி பேசித்தான் போகிறோம்.

தென்னையிலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், ஜல்லிக்கட்டில் மாடு தூக்கிப் போட்டவர் என்று யார் வீட்டிலிருந்தாவது இப்போது எனக்குப் போன் வருகிறது. எப்படியோ நம்பர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நடப்பாரா என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால், "முதுகைப் புரட்டிப் பாத்தீங்களா?" என்று நான் கேட்டுவிடுவேன். கடைசியாக எத்தனை மணிக்குப் புரட்டினீர்கள், டியூப் மடங்கியிருக்கிறதா, முட்டை கொடுக்கிறீர்களா என்று கேட்பேன். அடிபட்டது பெண் என்றால் என் மனைவி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொள்வாள். "இருத்தா, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்து, என்னைக் கொஞ்சம் வெளியே போகச் சொல்வாள்.