மண்ணும் மாவும்

மார்ச் மாதத்தில் சாந்திநிகேதனில் இலை உதிர்வதும் பூ விடுவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. சால மரங்கள் பழைய இலைகளைக் கொட்டிக்கொண்டே வெளிர்மஞ்சள் பூங்கொத்துகளை விடுகின்றன. மாந்தோப்பில் பூ முடிந்து கடுகளவு பிஞ்சுகள் தெரிகின்றன. புரச மரத்தில் ஓர் இலை கிடையாது. கிளை நெடுகப் பூ. இந்தப் பூவைப் பார்க்கவே கொல்கத்தாவிலிருந்து ரயில் ரயிலாக வந்து போல்பூரில் இறங்குகிறார்கள். எனக்குப் பூவோடு கைகளையும் பார்க்க வேண்டியிருந்தது. ஈர மாவில் தரைச்சித்திரம் போடும் பெண்கள், மண்சுவர் மெழுகும் சந்தால் பழங்குடிப் பெண்கள் ஆகியோரின் கைகள். ஒரு கலைஞரின் வீடு எதனால் உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், அந்தக் கைகளால்தான் என்று சொல்வேன்.

ரவீந்திரநாத் தாகூரைக் கவிஞராக அறிந்த அளவுக்கு ஓவியராக நாம் அறிந்துகொள்ளவில்லை. அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான் தீவிரமாக வரையத் தொடங்கினார். 1930இல் பாரிஸில் கண்காட்சி வைத்தார். விட்டுச்சென்ற ஓவியங்கள் 2000க்கு மேல். அவர் இங்கே வாழ்ந்த உத்தராயண் வளாகத்தில் ஐந்து வீடுகள் இருக்கின்றன: உதயன், கோணார்க், ஷ்யாமலி, புனஸ்ச, உதீசி. ஒரே வீட்டில் நெடுங்காலம் இருக்க அவருக்கு மனம் ஒப்பாது. வளாகத்துக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் உதயனின் அடுக்கு மாடங்களைப் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போகிறார்கள். நான் நெடுநேரம் நின்றது ஷ்யாமலியின் முன்னால்.

ஷ்யாமலி மண்வீடு. 1935இல் தாகூரின் பிறந்தநாளை ஒட்டிக் கட்டி முடித்தது. வடிவமைத்தவர் சுரேந்திரநாத் கர். வேய்ந்த கூரைகள் தீப்பிடித்துக் கிராமங்கள் அழிவதைப் பார்த்த தாகூர், கூரையையும் மண்ணாலேயே அமைக்க முடியுமா என்று சோதிக்க விரும்பினார். வெக்கை தணிய மண்பானைகளை உள்ளே வைத்துக் கட்டினார்கள். வெளிச்சுவரில் ஓவியர் நந்தலால் போஸ் வழிகாட்ட, இங்குள்ள கலைப்பள்ளியான கலாபவனின் மாணவர்கள் மண்ணிலேயே புடைப்புச் சிற்பங்கள் செய்தார்கள். அவற்றில் சந்தால் உருவங்களை வடித்தவர் ராம்கிங்கர் பேஜ். 1940இல் காந்தியும் கஸ்தூர்பாவும் வந்தபோது இந்த வீட்டில்தான் தங்கினார்கள். ஆனால் இந்தப் பீர்பூம் மாவட்டத்து மழைக்கு மண்கூரை ஈடுகொடுக்கவில்லை. ஷ்யாமலி கட்டிய அடுத்த ஆண்டே தாகூர் பக்கத்தில் புனஸ்சவைக் கட்டிக்கொண்டார். பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறை ஷ்யாமலியைச் சீரமைத்தது.

கருங்கல் கட்டடம் கட்டியவனை மறந்துவிட்டும் நின்றுகொண்டிருக்கும். மண்வீட்டால் அது முடியாது. ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் விளிம்பு கரையும். இரண்டு மழைக்காலம் விட்டால் கரையான் ஏறும். ஆண்டுதோறும் யாராவது அதைத் தொட்டாக வேண்டும். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இதுதான் அதன் பெருமையாகத் தெரிகிறது.

ஆல்பனா என்னும் தரைச்சித்திரத்தைப் பார்க்கப் போனது பூர்வபள்ளிப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்துக்கு. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஒருவர் வசந்த விழாவுக்காகக் கலாபவன் மாணவிகள் சிலருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் 'தீதி', அதாவது அக்கா. பச்சரிசியை இரவே ஊறவைத்து, காலையில் அம்மியில் மைய அரைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார்கள். நீர் எவ்வளவு என்பதற்கு அளவு கிடையாது. விரலை நனைத்துத் தூக்கினால் துளி உடனே விழக் கூடாது, விழாமலும் இருக்கக் கூடாது. பழந்துணித் துண்டொன்றை மாவில் தோய்த்து உள்ளங்கைக்குள் அடக்கிக்கொள்கிறார்கள். மற்ற விரல்கள் துணியை மெல்லப் பிழிய, மோதிர விரலின் நுனி வழியே மாவு இறங்கி வருகிறது. நம் வீடுகளில் இழைகோலம் போடுவதும் இதே கைதான். அந்த விரலைப் பார்த்ததும் வெகுதூரம் வந்திருக்கிறோம் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது.

"உங்க ஊர்ல புள்ளி வச்சுக்குவீங்க, இல்லையா?" என்றார் தீதி. "எங்களுக்குப் புள்ளி கிடையாது. நடுவுல ஒரு பூ. அந்தப் பூ எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு பார்த்துத்தான் அடுத்த கொடி."

சாணம் மெழுகிய செந்தரையில் ஒரு மாணவி குந்தி உட்கார்ந்து தொடங்கினாள். வியப்பாக இருந்தது என்னவென்றால், அவள் இழுத்த கோடு எங்கள் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியவே இல்லை. அரிசிமாவு ஈரமாக இருக்கும்போது வெளிறிய சாயலாக மட்டும் தரையோடு கலந்து கிடக்கிறது. காயக் காயத்தான் வெண்மை ஏறுகிறது. அதாவது, வரைகிறவள் தான் போட்ட கோட்டைச் சற்று நேரம் கழித்துத்தான் முழுசாகப் பார்க்கிறாள். அதற்குள் கை அடுத்த வளைவுக்குப் போயிருக்கும். எங்கே மாவு கனமாக இறங்கியது, எங்கே மெலிந்தது என்பதை விரல் மட்டுமே அறியும். தவறினால் துடைக்கவும் வழியில்லை. துடைத்தால் சாணத் தரை கலைந்து கறையாகிவிடும். ஆகவே தவறிய கோட்டுக்கு ஓர் இலையைச் சேர்த்து அதைச் சரியாக்கிவிடுகிறார்கள். வட்டம் வளர வளர அவள் பின்னால் நகர்ந்துகொண்டே வந்தாள். போட்ட இடத்தை மிதிக்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

தொடங்குவதற்கு முன் தீதி எல்லோர் கையிலும் உதிர்ந்த சாலப்பூக் கொத்தைக் கொடுத்திருந்தார். பறிக்கச் சொல்லவில்லை, பொறுக்கச் சொன்னார். இதழ் எத்தனை என்று எண்ணுவதைவிட, காம்பு தண்டோடு சேரும் கணுவைப் பார்க்கச் சொன்னார். கிளை எந்தப் பக்கம் எழுகிறது, கொத்து எந்த இடத்தில் கனம் தாங்காமல் வளைகிறது என்று கேட்டார். இது நந்தலால் போஸ் விட்டுப்போன பாடம். 1920களின் தொடக்கத்திலிருந்து 1951 வரை கலாபவனை நடத்தியவர் அவர், மாணவர்களுக்கு 'மாஸ்டர்மஷாய்'. சட்டைப்பையில் அஞ்சலட்டை அளவுக்கு வெற்று அட்டைகளை வைத்துக்கொண்டு, போகிற வழியில் கண்ட மரம், மாடு, மனிதர் எல்லாவற்றையும் வரைவார். மரத்தை அப்படியே நகலெடுப்பது அவர் நோக்கமல்ல. அது வளரும் முறையை அறிந்துகொண்டால் தரையிலும் சுவரிலும் அதே முறையில் ஒரு புதுச் செடியை வளர்க்கலாம். தீதி வீட்டு முற்றத்தில் நான் பார்த்தது அப்படி வளர்ந்த செடி.

வங்கத்துக் கிராமப் பெண்கள் நோன்புகளுக்குப் போட்டுவந்தது ஆல்பனா. இலட்சுமியின் பாதம், நெற்கதிர், நதி, நகை என்று வேண்டுதல் அப்படியே சித்திரமாகும். ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் 1919இல் அந்த நோன்புகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த சுகுமாரி தேவி அந்தக் கையைச் சாந்திநிகேதனுக்குக் கொண்டுவந்தார். இங்கே அது பருவங்களுக்கு உரியதாக மாறியது; மழைக்கும் மரம் நடும் விழாவுக்கும் வசந்தத்துக்கும் போடுகிறார்கள். நந்தலாலின் மகள்கள் கௌரி பஞ்சாவும் ஜமுனா சென்னும் இதை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள். 1926இல் தாகூரின் 'நடீர் பூஜா' நாடகத்தில் நடனமாடியவர் அந்தக் கௌரிதான். இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் படியை நந்தலால் குழு அலங்கரித்தபோது அதில் இந்தச் சகோதரிகளின் பங்கும் உண்டு. முற்றத்தில் மாவு தொட்ட விரல்கள் நாட்டின் சட்டத்துக்கு விளிம்பு வரைந்திருக்கின்றன என்பதை நம் பள்ளிப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வசந்த விழாவுக்கு ஒரு சோகமான தொடக்கம் உண்டு. 1907இல் பருவ விழாவாக இதைச் சாந்திநிகேதன் ஆசிரமத்தில் முதலில் நடத்தியவன் தாகூரின் இளைய மகன் சமீந்திரநாத். அப்போது அவனுக்கு வயது பத்து. அதே ஆண்டு நவம்பரில் காலரா அவனைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகும் தந்தை அந்த விழாவைக் கைவிடவில்லை. மஞ்சள் உடுத்தி ஆடிப்பாடி வரும் ஊர்வலத்தைப் பார்க்க வரும் கூட்டம் பிற்காலத்தில் அளவு மீறிப் போனது. அண்மை ஆண்டுகளில் இங்குள்ள விசுவபாரதிப் பல்கலைக்கழகம் அதைப் பெரும்பாலும் தன் வளாகத்தாருக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. வெளியூர்க்காரர்கள் வருந்துகிறார்கள். எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற இடம் இது. சாணத் தரை ஆல்பனாவும் புரச மரக் கிளைகளும் நெரிசலைத் தாங்காது. பூவை ஒடித்து மாலையாக விற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

தீதியின் வீட்டுப் பின்கட்டில் உதிர்ந்த புரசம்பூக்களை உலர்த்தி வைத்திருந்தார்கள். கொதிக்கவிட்டால் மஞ்சள் இறங்குகிறது. படிகாரத்தில் நனைத்த பருத்தித் துணியை அதில் போட்டுப் பிழிந்தார்கள். பிறகு சாயத்தில் சிட்டிகை சுண்ணாம்பைச் சேர்த்ததும் மஞ்சள் கண்ணெதிரே செம்மஞ்சளாக மாறியது. பத்து வயதுக்குள் இருக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். மறுபடி செய்யச் சொல்லி அடம்பிடித்தார்கள். தீதியும் மறுபடி செய்து காட்டினார்.

கலாபவன் வளாகத்தில் காலோ பாரி இருக்கிறது. மண்ணால் கட்டித் தார் பூசிய கரிய வீடு, மாணவர் விடுதி. 1930களின் நடுவில் எழுந்தது. நந்தலாலும் மாணவர்களும் சுவர் முழுவதும் பார்ஹுத், எகிப்து, அசீரியா என்று பல தேசத்துச் சிற்ப மரபுகளை மண்ணில் புடைத்திருக்கிறார்கள். தார் மழையையும் கரையானையும் தடுக்கும், ஆனால் நிரந்தரமாக அல்ல. காலந்தோறும் மறுபூச்சு வேண்டும். சற்றுத் தள்ளி ராம்கிங்கரின் 'சந்தால் குடும்பம்', 1938. வெண்கலம் வாங்கப் பணம் இல்லை. இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் சிமெண்டும் செம்பாறைச் சரளையும் கலந்த கலவையை வீசி வீசி அப்பினார். இந்த ஊர்ச் சரளையைத்தான் பயன்படுத்தினார் என்பதால், அந்தக் குடும்பம் நிற்கும் தரையும் அதன் உடம்பும் ஒரே பொருள்.

வடிவமைப்புத் துறைக் கட்டடத்தின் கறுப்பு வெள்ளைச் சுவரோவியத்தின் முன் நிற்கையில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அதை வரைந்த கே.ஜி. சுப்பிரமணியன் கேரளத்தின் கூத்துப்பறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1924இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, 1944இல் இங்கே மாணவராக வந்தார். 1990ஐ ஒட்டி வரைந்த அந்தச் சுவர் மங்கியபோது, 2009இல், தம் 85ஆம் வயதை நெருங்கும் நேரத்தில் அதை மீண்டும் வரைந்தார். பழையதை அப்படியே மீட்கவில்லை. புதிய உருவங்களைப் போட்டார். மெழுகிய சுவரை மறுபடி மெழுகும் கிராமத்துப் பெண்ணும் இதையே செய்கிறாள்.

அந்தப் பெண்களில் ஒருத்தியைப் பக்கத்துச் சந்தால் கிராமத்தில் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். கலாபவன் பக்கம் மண்வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், போய்வருவாள். மற்ற நாட்களில் வயல்வேலை, கட்டட வேலை. அவள் வீட்டுச் சுவரின் அடியில் கறுப்புப் பட்டை, அதன்மேல் செம்மண், மேலே வெள்ளை. கறுப்புக்கு வைக்கோலை எரித்த சாம்பலைச் சாணத்தோடும் மண்ணோடும் குழைக்கிறாள். சுவரை முதலில் உள்ளங்கையால், பிறகு ஈரத்துணியால் தேய்க்கிறாள். மூலையில் மட்டும் கையைத் திருப்பி மணிக்கட்டால் அழுத்துகிறாள். அந்த முனை நூல்பிடித்ததுபோல் நிற்கிறது. கொத்துக்கரண்டி ஏதும் இல்லை.

கலைக்கூடங்களில் சிற்பிக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, மெழுகியவருக்கு இல்லை. சந்தால் பெண் இங்கே ஓவியத்திலும் சிற்பத்திலும் எத்தனையோ முறை உருவமாக வந்திருக்கிறாள். வேலை செய்தவளாக அவள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. மண்சுவர் சீரமைக்கும் ஒவ்வொரு முறையும் அதில் கைவைத்தவர்களின் பெயரை ஒரு பதிவேட்டிலாவது எழுதிவைக்க வேண்டும், கூலியும் திறன்மிகு தொழிலாளிக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கலவையின் பதம் அவளிடம்தான் இருக்கிறது. அவள் மகள் நகரத்தில் வேலைக்குப் போய்விட்டால் அந்தப் பதத்தை எந்த வரைபடத்திலிருந்தும் மீட்க முடியாது.

இந்த ஆண்டுப் பூச்சை எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டேன்.

"பாஹா முடியட்டும்" என்றாள். சந்தால்களின் பூத்திருவிழா அது. பூசாரி சாலப்பூவைப் படைத்து எல்லோருக்கும் கொடுத்த பிறகுதான் பெண்கள் புதுப் பூவைச் சூடுவார்கள். அதுவரை தலையில் வைப்பதில்லை. வண்ணப்பொடி கிடையாது, கேலி செய்யும் முறையுள்ள உறவுக்காரர்கள்மேல் வெறும் தண்ணீரைத்தான் ஊற்றுவார்கள். "அதுக்கப்புறம் குளத்துல தண்ணி வத்தும். அடிமண்ணை எடுக்கலாம். சித்திரை வெயில்ல முதல் பூச்சு காயும். வெடிப்பு விட்டா விடட்டும், அதை அடைச்சுத்தான் ரெண்டாம் பூச்சு. மழைக்கு முன்னால முடிச்சாகணும்."

மண்ணில் கலக்க வைக்கோலை விரல்கடை நீளத்துக்கு நறுக்கவேண்டியிருந்தது. அதை இப்போதே செய்துவைப்பார்களாம். வீட்டில் எல்லோரும் வயலுக்குப் போய்விட்டதால் ஆளில்லை என்றாள். அரிவாள்மணை ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, எவ்வளவு நீளம் என்பதை மறுபடியும் விரலால் காட்டினாள்.