இரண்டு சொட்டு மருந்து

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

சொன்ன சொல்லில் நிலைத்து நில்லாதவரைப் ‘பச்சோந்தி’ என்று ஏசுவது நம் வழக்கம். பட்டிமன்றத்திலும் செய்தித்தாளிலும் இந்தச் சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆனால், உண்மையான பச்சோந்தி ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? 2024ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. நோயுற்ற பச்சோந்திக் குஞ்சு ஒன்றுக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பும் அதனுடன் சேர்ந்தே கிடைத்தது.

என் அத்தை லண்டன் மாநகரின் தெற்கே க்ராய்டனில் வசிக்கிறார். அங்கே ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் செவிலியராகப் பணிபுரிகிறார். அவருக்கு ஒரே மகள். பன்னிரண்டு வயது, என்னை ‘அக்கா’ என்றுதான் அழைப்பாள். நமக்கு விடுமுறையான மே மாதத்தில் அவளுக்குப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. ஆகவே, பகல் நேரத்தில் அவளுடைய பச்சோந்திக்கு நானே துணையானேன்.

அதன் பெயர் மரகதம். தொலைபேசியில் படத்தைப் பார்த்து எங்கள் பாட்டி வைத்த பெயர் அது. ஏமன் நாட்டிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப் பகுதியிலும் வாழும் இனத்தைச் சேர்ந்தது. பெரிதானதும் தலையில் கிரீடம் போல ஒரு மேடு உயர்ந்து நிற்கும். கூண்டிலேயே முட்டையிட்டுப் பொரித்த குஞ்சுகளை அந்நாட்டில் கடையில் விற்கிறார்கள். பதினாறு வயது நிரம்பாதவர்களுக்கு விலங்குகளை விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் சொல்வதால், மாமாதான் தம் பெயரில் வாங்கிக் கொடுத்திருந்தார்.

நான் போன மூன்றாம் நாள் மரகதம் கிளையிலிருந்து விழுந்தது. பச்சோந்தியின் ஒவ்வொரு பாதத்திலும் ஐந்து விரல்கள் உண்டு. அவை இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கி போல அமைந்திருக்கும். கிளையைப் பற்றினால் எளிதில் விடாது. அப்படிப்பட்ட பிராணி விழுகிறது என்றால் ஏதோ கோளாறு இருக்கத்தான் வேண்டும். பின்னங்கால்கள் வில் போல வளைந்திருந்தன. சில்வண்டை எதிரே விட்டால் வாயைத் திறந்தது. ஆனால் நாக்கு பாதி தூரம்கூடப் போகவில்லை. பட்டப்பகலில் கண்களை மூடிக்கொண்டு கரும்பழுப்பு நிறத்தில் படுத்திருந்தது.

அன்று மாலையே ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் முதலில் செய்தது எடை பார்த்ததுதான். பதினெட்டு கிராம்! ஒரு சிறிய எலுமிச்சம்பழத்தின் எடைகூட இல்லை. பிறகு எக்ஸ்ரே எடுத்தார். எலும்புகள் வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் மங்கலான நிழல்தான் தெரிந்தது. குதிகாலில் இருந்த சிறு முள்ளைக் காட்டி, “இது ஆண் குட்டி” என்றும் சொன்னார். அவ்வளவு கவலையிலும் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மரகதத்தை இனி மரகதராஜ் என்று கூப்பிட வேண்டியதுதான்” என்றார். ஆனால் பெயர் மாறவில்லை.

நோயின் காரணத்தை மருத்துவர் விளக்கினார். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் படும்போது உடலில் வைட்டமின் டி உண்டாகிறது. அது இருந்தால்தான் உணவிலுள்ள கால்சியம் உடலில் சேரும். கடையில் இந்தக் குஞ்சை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் அத்தகைய விளக்கு இல்லை. சன்னல் ஓரத்தில் வைத்தாலும் பயனில்லை. ஏனெனில், அந்தக் கதிர்களைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். இரையாகப் போட்ட சில்வண்டிலோ கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். இதயமும் தசைகளும் வேலை செய்யக் கால்சியம் வேண்டுமே! எனவே உடல் தன் எலும்புகளிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. வீட்டில் பணமில்லாதபோது சுவரிலுள்ள செங்கல்லைப் பெயர்த்து விற்பது போன்ற நிலை அது.

இது குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் நோய்க்கு நெருங்கிய உறவு என்று அத்தை சொன்னார். வைட்டமின் குறைவு நோய்களைப் பற்றி நாம் அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? எட்வர்ட் மெல்லன்பி என்னும் ஆங்கிலேய அறிஞர் நாய்க்குட்டிகளுக்கு அந்நோயை வரவழைத்து, காட் மீன் எண்ணெயால் குணமாகிறது என்று 1919இல் காட்டினார். 1922இல் மெக்காலம் என்பவர் அந்தச் சத்துக்கு வைட்டமின் டி என்று பெயர் சூட்டினார். தேர்வுக்காக மனப்பாடம் செய்த செய்தி, வளைந்த காலோடு என் உள்ளங்கையில் படுத்திருந்தது!

மருத்துவர் கால்சியம் மருந்தைக் கொடுத்தார். பதினெட்டு கிராம் உடலுக்கு வேண்டிய மருந்து அரைச் சொட்டுக்கும் குறைவு. அவ்வளவு சிறிய அளவைச் சரியாக எடுப்பது கடினம் என்பதால், அதை நீரில் கலந்து, ஒரு வேளைக்கு 0.1 மில்லி, அதாவது ஏறக்குறைய இரண்டு சொட்டு, என்று அமைத்துத் தந்தார். ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் நூறு கோடுகள் இருந்தன. பத்தாவது கோடு வரை எடுக்க வேண்டும். நாளுக்கு இரு வேளை; காலையில் நான், மாலையில் அத்தை மகள். வீட்டுக் கூண்டில் புதிய விளக்கும் பொருத்தப்பட்டது.

இரண்டு சொட்டு மருந்து கொடுப்பது பெரிய காரியமா என்று நீங்கள் நினைக்கலாம். குழந்தைக்குச் செய்வது போல மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிவிட முடியாது. மரகதத்தின் தாடை எலும்பு மென்மையாகிவிட்டது. விரலால் திறந்தால் முறிந்துவிடும். மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அருகிலேயே இருப்பதால், வேகமாக ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். மேலிருந்து கையைக் கொண்டுபோனால் பருந்து வருகிறது என்று அஞ்சும். கை எப்போதும் கீழிருந்துதான் வர வேண்டும். அதுவாக ஏறிக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். மேலும், அது குளிர் இரத்தப் பிராணி. காலையில் விளக்கின் கீழே உடல் சூடேறும் முன் கொடுத்தால், மருந்து செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும். எனவே பதினொரு மணிக்கு முன்னால் நான் சிரிஞ்சைத் தொடுவதில்லை.

முதல் சில நாட்கள் எளிதாகவே இருந்தன. கோபம் வந்தால் பச்சோந்தி வாயை அகலத் திறந்து ‘ஸ்ஸ்’ என்று சீறும். அந்த நேரம் பார்த்து உதட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டால் தானே விழுங்கிவிடும். சற்றுப் பொறுத்து இன்னொரு சொட்டு. அதன் கோபமே அதற்கு மருந்தாயிற்று!

ஆறாம் நாள் அது சீறவில்லை. சமையலறைத் தராசில் நிறுத்தபோது பதினேழு கிராம் காட்டியது. கண்கள் குழிவிழுந்திருந்தன. அன்று மாலை பள்ளியிலிருந்து வந்த அத்தை மகள் அதைப் பார்த்ததும் அழத் தொடங்கிவிட்டாள்.

“அக்கா, மருந்து பத்தவில்லை. இன்னிக்கு ரெண்டு மடங்கு குடுப்போம். சீக்கிரம் சரியாயிடும்” என்றாள்.

“வேண்டாம், டாக்டர் சொன்ன அளவுதான்” என்றேன்.

“உனக்கு அது மேல பாசமே இல்லை. அது உன்னோடது இல்லையே, அதான்!”

அந்தச் சொல் என்னைச் சுட்டது. இருந்தாலும் சிரிஞ்சை நான் கையிலிருந்து விடவில்லை. எங்கள் சத்தம் கேட்டு, இரவுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அத்தை வந்தார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, “கண்ணு, என் வார்டிலே ஒவ்வொரு தாயும் இதையேதான் கேட்பாங்க. எடை பார்த்து, அளவு பார்த்து, நேரம் பார்த்துக் கொடுத்தால்தான் மருந்து. கூடிப்போனா அந்தச் சத்தே சிறுநீரகத்திலே படிஞ்சு கெடுத்துடும். உன் அழுகைக்கு மருந்து கொடுக்கக் கூடாது, அதோட எடைக்குத்தான் கொடுக்கணும்” என்றார். உடனே மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசினார். “அளவைக் கூட்ட வேண்டாம். உடலில் நீர் குறைந்திருக்கிறது. முதலில் தண்ணீர் குடிக்க வையுங்கள்” என்பதே பதில்.

பச்சோந்தி கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இலையின் மேல் மின்னும் நீர்த்துளியையே நாக்கால் நக்கிக் குடிக்கும். கூண்டுக்குள் ஒரு செம்பருத்திச் செடி இருந்தது. அதன் மேல் வெதுவெதுப்பான நீரைப் பனி போலத் தெளித்தோம். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. மரகதம் அசையவில்லை. அத்தை மகள் என் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். கால் மணி நேரத்துக்குப் பின் ஒரு கண் திறந்தது. பச்சோந்தியின் கண்கள் தனித்தனியே சுழலக்கூடியவை. அந்த ஒற்றைக் கண் மெல்லத் திரும்பி ஓர் இலையைப் பார்த்தது. பிறகு வாய் அசைந்தது. ஒரு துளி நீரை நக்கியது. இன்னொரு துளியையும் நக்கியது.

அப்போது அத்தை மகள்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தாள். “அக்கா, அது குடிக்கிறப்பவே மருந்தைக் குடு!” என்றாள். நான் சிரிஞ்சை அவளிடமே நீட்டினேன். அவள் கை நடுங்கியது. இலையின் நுனியில் துளி தொங்குவது போலவே சிரிஞ்சின் நுனியில் ஒரு சொட்டைத் தொங்கவிட்டு உதட்டருகே கொண்டுபோனாள். மரகதம் அதையும் நீர் என்றே எண்ணி நக்கிக்கொண்டது. சிறிது பொறுத்து இரண்டாவது சொட்டையும் குடித்தது. அவள் அளவு மீறாமல், பத்தாவது கோட்டோடு நிறுத்தினாள். அன்று முதல் எங்களுக்கு அதுவே முறையாயிற்று: முதலில் மழை, பிறகு மருந்து.

நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு நாள்தோறும் எடை, நிறம், பிடி, இரை என்று நான்கு கட்டங்களை நிரப்பி வந்தேன். பத்தாம் நாள் மீண்டும் பதினெட்டு கிராம். மூன்றாம் வாரம் இருபத்தொன்று. இந்தக் கட்டங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது நிறக் கட்டம்தான். பச்சோந்தி தான் இருக்கும் இடத்துக்கு ஏற்ப நிறம் மாறுகிறது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியன்று. அச்சம், கோபம், குளிர், நோய் ஆகியவற்றையே அது நிறத்தால் தெரிவிக்கிறது. தோலில் உள்ள மிக நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்பதை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் விளக்கியிருக்கிறார்கள். வாய் பேசாத நோயாளி ‘எனக்கு இன்று தேவலை’ என்று சொல்ல அதைவிட வேறு வழி என்ன இருக்கிறது? என் நோட்டில் ‘கரும்பழுப்பு’ என்ற சொல் குறைந்து, ‘பச்சை’ என்ற சொல் பெருகிக்கொண்டே வந்தது.

நான் ஊர் திரும்பும் முன் நாள் மாலையில், கிளையின் ஒரு முனையில் மரகதம் இருந்தது. மறு முனையில் ஒரு சில்வண்டு. இரண்டு கண்களும் ஒன்றாக முன்னோக்கித் திரும்பின. மறுநொடி சில்வண்டைக் காணோம்! அத்தை மகள் போட்ட கூச்சலில் மாமா மாடியிலிருந்து ஓடி வந்தார். மருத்துவர் முன்பே சொன்னபடி, வளைந்த கால்கள் முழுவதும் நிமிரவில்லை. இனி நிமிரப் போவதுமில்லை. ஆனால் அந்தக் கால்களாலேயே அது உச்சிக் கிளைக்கு ஏறிவிட்டது.

தோழியரே, இதைப் படித்துவிட்டுப் பச்சோந்தி வளர்க்க ஆசைப்பட வேண்டாம். நம் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படும் உயிர். அதைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். வேலியில் தலை சிவந்து தண்டால் எடுக்கும் ஓணானைச் சிலர் பச்சோந்தி என்பார்கள்; அது வேறு. சுருண்ட வாலும் இடுக்கிப் பாதமும் கூம்புக் கண்ணும் உள்ளதே பச்சோந்தி. அதற்கு நஞ்சு கிடையாது. சாலையில் ஊர்ந்து செல்வதைக் கண்டால் கல்லெறியாமல் ஒரு குச்சியை நீட்டி, அது ஏறியதும் ஓரத்துச் செடியில் விட்டுவிடலாம். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறையினருக்குச் சொல்லலாம்.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்ற பழமொழியை நான் சிறு வயதிலிருந்தே எழுதிப் பழகியிருக்கிறேன். அது உணவைப் பற்றியது என்றுதான் எண்ணியிருந்தேன். அன்பைப் பற்றியதும்கூட என்பது இப்போது புரிகிறது. அத்தை மகளின் கண்ணீர் மரகதத்தைக் காப்பாற்ற விரும்பியது. ஆனால் அதைக் காப்பாற்றியது பத்தாவது கோட்டில் நின்ற அவளுடைய கைதான். எங்கள் வீட்டிலும் பாட்டிக்கு இரவு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. இப்போதெல்லாம் சீட்டை ஒருமுறைக்கு இருமுறை படித்து, அவர் சாப்பிட்டாரா என்று கேட்டு, வெந்நீர் ஆற்றிக் கொடுத்து, விழுங்கி முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். “என்னடி, பச்சோந்திக்குப் பார்த்த பக்குவமா?” என்று பாட்டி கேலி செய்கிறார். ஆமாம், அதே பக்குவம்தான்.