கடலோரத்தில் எட்டு வாரம்

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 32 கிலோமீட்டர் தூரந்தான். இந்த ஊரைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? புளிச்சோறும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து வந்து, தெலுக் கெமாங் மணலில் ஒரு பகல் இருந்துவிட்டுப் போகாத தோட்டம் நெகிரி செம்பிலானில் உண்டா? ஆனால் ஒரு நோயாளியை அழைத்து வந்து எட்டு வாரம் வைத்திருப்பதற்கும் இது நல்ல ஊர் என்பதை, வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது ஆண்டு கழித்து இந்த ஆண்டுதான் தெரிந்துகொண்டேன்.

வந்தவர் என் அண்ணன். பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவி, பிறகு செம்பனைக்கு மாறி, 61 வயது வரை ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்தறியாதவர். மலத்தோடு ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்த்ததில் மலக்குடலில் புற்றுநோய். நம் நாட்டு ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய், குடலிலும் மலக்குடலிலும் வருவதுதானாம். எத்தனை பேர் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்லாமல் இருக்கிறார்களோ!

அவருக்கு முதலில் ஆபரேஷன் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம், 25 தடவை கோலாலம்பூரில் கதிர் வைத்தார்கள். கூடவே காலையும் மாலையும் மாத்திரை. பிப்ரவரி தொடக்கத்தில் அது முடிந்தது. "வீட்டுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள், எட்டு வாரம் கழித்து அறுவை செய்வோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

எட்டு வாரமா! லயத்தில் ஆளுக்கொரு பேச்சு. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, அதனால்தான் தள்ளிப் போடுகிறார்கள் என்றார் ஒருவர். அதற்குள் நோய் பரவிவிடும் என்றார் இன்னொருவர். அண்ணி அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தார். அடுத்த முறை அவர்களோடு நானும் போய், டாக்டரிடமே கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். கதிர் இயந்திரத்தை நிறுத்தினாலும் கதிரின் வேலை நின்றுவிடுவதில்லை. நோய்க் கட்டி அதற்குப் பிறகும் பல வாரங்கள் சுருங்கிக்கொண்டே போகும். சுற்றியுள்ள நல்ல சதையும் வெந்து போயிருக்கும். அது ஆற வேண்டும். ஆறாத சதையை வெட்டித் தைத்தால் புண் லேசில் கூடாது. ஆகவே, காத்திருப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான். இதைக் கேட்ட பிறகுதான் அண்ணியின் முகம் தெளிந்தது. "நம்ம வீட்டுக்கு வந்துடுங்க அண்ணே. தரை மேடு பள்ளம் இல்லே, கடல் காத்து, கக்கூசும் வீட்டுக்குள்ளேயே இருக்கு" என்று கூட்டி வந்துவிட்டேன்.

கக்கூசைச் சொன்னதற்குச் சிரிக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் அதுதான் பெரிய விஷயம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போவார். உட்கார்ந்தால் எரிச்சல், ஒருபக்கம் சாய்ந்து தலையணை போட்டுத்தான் உட்காருவார். மாத்திரையால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிந்தது. நாற்பது வருடம் கத்தி பிடித்துக் காய்த்துப் போன கை, குழந்தையின் கைபோல் ஆகிவிட்டதே என்று அண்ணி தடவித் தடவிப் பார்ப்பார். மெத்தென்ற சிலிப்பர் வாங்கிக் கொடுத்தோம். கடலில் இறங்க வேண்டாம், தோல் ஆறட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். போர்ட்டிக்சனுக்கு வந்து கடலில் கால் நனைக்காமல் இருந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்!

சாப்பாட்டில்தான் சண்டை. உறவுக்காரர்கள் எல்லாரும் பத்தியம் சொன்னார்கள்: முட்டை கூடாது, மீன் கூடாது, கோழி கூடவே கூடாது. சத்துணவு அதிகாரி சொன்னதோ நேர்மாறு. அறுவைக்கு முன்னால் உடம்பில் சதை பிடிக்க வேண்டும். அதற்கு முட்டை, மீன், கோழி, பருப்பு எல்லாம் நிறைய வேண்டும். வயிறு போகும்வரை குழைந்த சோறும் கஞ்சியும் கொடுத்து, நின்ற பிறகு காய்கறியைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்க்கச் சொன்னார். நான் அவர் பேச்சைத்தான் கேட்டேன். காலையில் மீன்காரரிடம் வாங்கி, இஞ்சி போட்டு அவித்துக் கொடுப்பேன். அரைவேக்காட்டுக் கெராங் மட்டும் கண்ணில் காட்டவில்லை. ஏழு கிலோ இளைத்து வந்தவர் ஆறாவது வாரத்தில் மூன்று கிலோ ஏறியிருந்தார்.

மூன்றாவது வாரம் நடக்கத் தொடங்கினோம். முதல் நாள் இரண்டு விளக்குக் கம்பம், மறுநாள் மூன்று. இங்கே பழைய ஆட்கள் இன்னமும் நாலாங்கட்டை, ஏழாங்கட்டை என்றுதான் இடம் சொல்வார்கள். எங்களுக்கோ விளக்குக் கம்பம்தான் கட்டை! சுருட்டை விட்டால்தான் மயக்க மருந்து கொடுக்கும்போது நுரையீரல் தாங்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விட்டுவிட்டார். மூச்சை இழுத்து மூன்று பந்துகளை மேலே தூக்கும் ஒரு பிளாஸ்டிக் கருவியும் கொடுத்திருந்தார்கள். சாயங்காலத்தில் என் பேரனுக்கும் அவருக்கும் அதில் போட்டி. பேரன்தான் ஜெயிப்பான்.

மார்ச் மாதம் நடுவில், தஞ்சோங் துவான் வரை போக முடிந்தது. சுற்றிலும் நெகிரி செம்பிலானாக இருந்தாலும் அந்த முனை மட்டும் மலாக்காவைச் சேர்ந்தது. காட்டு வழியே தார்ச்சாலை மேலே ஏறுகிறது. உச்சியில் கலங்கரை விளக்கு. போர்த்துகீசியர் காலத்திலேயே அங்கே விளக்கு இருந்ததாம். இப்போதுள்ள கட்டடம் 1863-இல் எழும்பியது. 1606-இல் டச்சுக்காரருக்கும் போர்த்துகீசியருக்கும் கடற்போர் நடந்ததும் இந்தத் தண்ணீரில்தான். அண்ணன் நான்கு இடத்தில் நின்று இளைப்பாறித்தான் ஏறினார். குரங்குகள் எங்கள் பையையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தன.

மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கூட்டம். தேன்பருந்துகள்! குளிர்காலத்தை நம் பக்கத்தில் கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க வடக்கே சீனா, ஜப்பான், சைபீரியா வரை திரும்பும் பறவைகள். எதிரே சுமத்ரா பக்கத்து ரூபாட் தீவிலிருந்து இங்கே 38 கிலோமீட்டர். நிலத்தின்மேல் வெயிலில் சூடாகி எழும் காற்றில் சும்மா மிதந்தே போகும் இவை, கடல்மேல் அந்தக் காற்று கிடைக்காமல் சிறகடித்தே வரவேண்டும். அதனால் களைத்து, மரத்தில் உரசுவதுபோல் தாழ்ந்து வருகின்றன. கரை வந்ததும் சூடான காற்றைப் பிடித்து, வட்டமிட்டு வட்டமிட்டு மேலே போய்விடுகின்றன.

"இது என்னம்மா தின்னும்?" என்று கேட்டார் அண்ணன். பக்கத்தில் நின்ற இளைஞர், குளவிக் கூட்டைப் பிய்த்துப் புழுவைத் தின்னும் என்றார். பால்மரத்தில் குளவி கொட்டி முகம் வீங்கி எத்தனை நாள் வேலைக்குப் போனவர் அவர்! "அப்ப நம்ம ஆளுதான்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்தவர், அன்றிரவு சொன்னார்: "தங்கச்சி, எனக்கு ரத்தமே போகலே. நல்லாப் பசிக்குது. மலையே ஏறிட்டேன். எதுக்கு வெட்டிக்கணும்? நான் வரலே."

எனக்குப் பகீரென்றது. புதிதாக எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கிறது, ஆனால் மிச்சம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு சிலருக்கு முழுதும் மறைந்துவிடுமாம். அவர்களை மட்டும் அடிக்கடி சோதித்துக் கவனித்து வருவதும் உண்டாம். அண்ணன் அந்தச் சிலரில் இல்லை. அவரைப் பயமுறுத்தியது கத்தியல்ல, பை. உள்ளே தைத்த இடம் ஆறும்வரை சில மாதங்களுக்கு மலம் வயிற்றுப் பக்கமாகப் பையில் வரும் என்றதிலிருந்தே அவர் மனம் சரியில்லை. கோயிலுக்கு எப்படிப் போவது, கல்யாண வீட்டில் எப்படி உட்காருவது என்று அண்ணியிடம் மட்டும் புலம்பியிருக்கிறார்.

நானும் அண்ணியும் பேசிப் பலனில்லை. நாங்கள் நடக்கும் வழியில் தூண்டில் போடும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் உண்டு. அண்ணன் ஆஸ்பத்திரிக் கதையைப் பேச்சுவாக்கில் சொல்ல, அவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினார். அவருக்கு அதே நோய். தற்காலிகமல்ல, ஆயுள் முழுதும் பை. எத்தனையோ நாள் அவரைப் பார்த்திருக்கிறோம், யாருக்கும் தெரியவில்லை. எப்படிக் கழுவுவது, நாற்றம் வருமா, குளிக்கலாமா, புரண்டு படுக்கலாமா என்று அண்ணன் அரைமணி நேரம் மலாயில் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் அண்ணியும் தள்ளிப் போய் நின்றுகொண்டோம். திரும்பும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேரனைக் கூப்பிட்டு, அந்தப் பந்துக் கருவியை எடுத்துவரச் சொன்னார்.

வருகிற திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு சாரோங், மெத்துச் சிலிப்பர், பந்துக் கருவி எல்லாம் பையில் வைத்தாகிவிட்டது. உடம்பு தேறி டாக்டர் சரியென்ற பிறகு இங்கே வந்து தின்பதற்காக, நன்றாக வேகவைத்துத் தரும் கெராங் கடை எது என்று அண்ணி என்னிடம் விசாரித்து வைத்திருக்கிறார்.