சிக்கனத்துக்கும் முதல் வேண்டும்

ஆய்வு உதவித்தொகையை நம்பித் தில்லியில் குடும்பம் நடத்துவது எங்ஙனம் என்று கேட்டு இம்மாதத்தில் மட்டும் மூவர் எனக்கு எழுதிவிட்டனர். மூவரும் முனைவர் பட்ட ஆய்வுக்காக இங்கு வரவிருப்பவர்கள், இருவர் மணமானவர்கள். தனித்தனியே மறுமொழி எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடலாம் எனத் தோன்றியது. பதிவு நீளும், பொறுத்தருள்க.

எங்கள் நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், கணவர், இரண்டாம் வகுப்பில் பயிலும் மகள், அத்தை என நால்வர். முனிர்கா ஊர்ப்பகுதியில் ஒரு குறுகிய சந்தில், மூன்றாம் மாடியில், இரண்டு சிறிய அறைகள். கணவருக்கு அச்சகத்தில் வேலை. அவருடைய சம்பளம் சிறியது. ஆனால் ஏழாம் தேதி தவறியதில்லை. என்னுடைய உதவித்தொகை அதைவிடப் பெரியது. ஆனால் அது வரும் நாளை எந்தப் பஞ்சாங்கத்திலும் காண இயலாது. இரண்டு மாதம் வராது, மூன்றாம் மாதம் சேர்ந்து வரும். பின்னர் மீண்டும் வறட்சி. அதன் ஐந்தாண்டு வரம்பு வரும் மார்ச்சுடன் முடிகிறது. ஆய்வேட்டில் இன்னும் இரண்டு இயல்கள் மீதமிருக்கின்றன.

சிக்கனம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வருமானம் சிறிதெனினும் சீரானது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறார்கள். பட்டியலிட்டு வாங்குக, வெளியே தேநீர் அருந்தாதே, மாதத் தொடக்கத்திலேயே ஒரு பங்கை ஒதுக்கிவை என்பன அவர்களின் அறிவுரைகள். தவறில்லை. ஆனால் மாதத் தொடக்கம் என்ற ஒன்று எல்லார்க்கும் உண்டா என்று அவர்கள் கேட்பதில்லை. நான்கரை ஆண்டுகளாக ஒரு நோட்டில் வரவுசெலவு எழுதி வருகிறேன். பொருளியல் மாணவிக்கு இது ஒரு நோய் என்று கணவர் சொல்வார்.

வருமானம் குறையக் குறைய, செலவில் உணவின் பங்கு கூடும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இல் சொன்னார். பாடநூலில் அது ஏழைக் குடும்பத்தையும் செல்வக் குடும்பத்தையும் ஒப்பிடும் விதி. நம் நாட்டின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வும் அதையே காட்டுகிறது: தலைக்கு மாதச் செலவு நகரத்தில் 6,996 ரூபாய், கிராமத்தில் 4,122 ரூபாய், அதில் உணவின் பங்கு நகரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு, கிராமத்தில் 47 விழுக்காடு. என் நோட்டிலோ இந்த வேறுபாடு ஒரே வீட்டுக்குள் நிகழ்கிறது. தொகை வந்த மாதத்தில் நாங்கள் நகரத்தார். வராத மாதத்தில் கிராமத்தாருக்கும் கீழே. அதே நால்வர், அதே அடுப்பு.

அடுப்பு என்றதும் எரிவாயு நினைவுக்கு வருகிறது. புதிதாக வருவோர் முதலில் இடறி விழும் இடம் அதுதான். 14.2 கிலோ வீட்டு உபயோகச் சிலிண்டரின் விலை 2025 ஏப்ரலில் தில்லியில் 853 ரூபாயாக இருந்தது. அதாவது கிலோ 60 ரூபாய். ஆனால் இணைப்புப் பெற முகவரிச் சான்று வேண்டும். சிலிண்டருக்கு 2,200 ரூபாயும் ரெகுலேட்டருக்கு 250 ரூபாயும் முன்வைப்புத் தொகை வேண்டும். அடுப்பும் குழாயும் தனி. இவ்வளவையும் ஒரே நாளில் எடுத்து வைக்க இயலாதவர் என்ன செய்வார்? சிறிய சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போவார். அங்கே கிலோ கணக்கில் நிரப்பித் தருவார்கள். நாங்கள் வந்த புதிதில் அப்படித்தான் சமைத்தோம். கடந்த ஆண்டு பக்கத்து அறைப் பையன்கள் கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் கொடுத்தார்கள். அவ்வாறு நிரப்புவது சட்டத்துக்குப் புறம்பானது, ஆபத்தானதும்கூட. ஆகவே வருவோர் எவராயினும் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குவதை முதல் வேலையாகக் கொள்க. அதுவரை, அடையாளச் சான்று மட்டும் காட்டி முகவரிடம் வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் உண்டு. மானியமற்றது, விலை கூடுதல்தான், தெருக்கடையைவிடப் பாதுகாப்பானது.

ஏழைகள் ஒரே பொருளுக்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்பதை டேவிட் கேப்லோவிட்ஸ் என்ற சமூகவியலாளர் நியூயார்க் நகரக் குடும்பங்களை ஆராய்ந்து 1963இல் ஒரு நூலாகவே எழுதினார். அவர் கண்டது தவணைக் கடைகளை. முனிர்காவில் அது எரிவாயு, மின்சாரம், வெங்காயம் என்று வேறு வேடங்களில் வருகிறது. சேமிப்பதற்கே கையில் கொஞ்சம் முதல் இருந்தாக வேண்டும்.

மின்சாரக் கதை இன்னும் விசித்திரமானது. தில்லியில் 2019 ஆகஸ்ட் முதல் மாதம் 200 யூனிட் வரை செலவழிக்கும் வீடுகளுக்குக் கட்டணமே இல்லை. எங்கள் மாடிக்கெனத் தனி மீட்டர் இருக்கிறது. ஆனால் அது வீட்டு உரிமையாளர் பெயரில். குளிர்காலத்தில் நாங்கள் 200ஐத் தொடுவதேயில்லை. அவருக்கு வரும் ரசீது பூஜ்யம். எங்களிடம் அவர் வாங்குவது யூனிட்டுக்கு 9 ரூபாய். மானியம் இல்லாவிட்டாலும் அந்த முதல் 200 யூனிட்டுக்கான அடிப்படை விலை 3 ரூபாய்தான். வாடகைதாரரே தம் பெயரில் முன்கட்டண மீட்டர் பெற 2019 செப்டம்பரில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்கும் ஒப்பந்தமோ வாடகை ரசீதோ வேண்டும். கேட்டுப் பார்த்தோம். காலி செய்கிறீர்களா என்று அவர் மிக அன்பாக விசாரித்தார்.

ஆகையால் நாங்கள் சாதனங்களின் பக்கம் திரும்பினோம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும்; பிஎல்டிசி எனப்படும் புதிய வகை ஏறத்தாழ 30 வாட். நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் மிச்சம் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 9 ரூபாய் வீதம் மாதம் 195 ரூபாய். புதிய வகைக்கு நாங்கள் கூடுதலாகக் கொடுத்தது 1,300 ரூபாய். தில்லியின் கோடை ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை நீளும் என்பதால் ஒரே பருவத்தில் அது ஈடாகிவிட்டது. வேடிக்கை யாதெனில், இலவச வரம்புக்குள் இருக்கும் வீட்டுக்காரருக்கு இந்த மின்விசிறியால் ஒரு காசும் மிச்சமில்லை. எங்களுக்குத்தான் ஆதாயம். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போவோம் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சமையல் சிக்கனங்களை நீட்டி எழுதத் தேவையில்லை. பருப்பை ஊறவைத்தல், குக்கரைப் பயன்படுத்தல், கொதி வந்ததும் தணலைக் குறைத்தல் ஆகியவற்றைப் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்ட காலந்தொட்டுச் சொல்லி வருகிறது. அத்தை அதற்கும் முன்பிருந்தே சொல்லி வருகிறார். "ஏத்தா, அடுப்ப அணைச்சதுக்கப்புறமும் பருப்பு வேகும். அதுக்கும் ரெண்டு நிமிசம் குடு" என்பார்.

அரிசியில்தான் பெரிய மிச்சம் கண்டோம். தமிழ்க் கடைகளில் பொன்னியும் இட்லி அரிசியும் ஊரிலிருந்து வரும் கூலியையும் சேர்த்து விலை சொல்லும். பஞ்சாப், ஹரியாணாவில் விளையும் பர்மல் என்ற அரிசி இங்கே எந்த மளிகையிலும் கிடைக்கும். அதில் ‘சேலா’ என்று கேட்டால் புழுங்கல். உளுந்து சற்றுக் கூட்டிப் போட்டால் இட்லி பழுதில்லாமல் வரும். அத்தை ஆறு மாதம் முகம் சுளித்தார். இப்போது ஊருக்குப் போனால் பொன்னிச் சோறு குழைகிறது என்கிறார்.

மற்றொன்று பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் உங்கள் குடும்ப அட்டை முன்னுரிமை அட்டையாக இருப்பின், ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ ஏற்பாட்டின்படி தில்லி நியாயவிலைக் கடையிலும் தானியம் பெறலாம். தில்லியில் இது 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான தானியம் மட்டுமே கிடைக்கும். தமிழக அரசு தரும் துவரம்பருப்பு, பாமாயிலை இங்கே எதிர்பார்க்கலாகாது. குடும்பத்தில் சிலர் ஊரில் இருந்தால் அவர்கள் அங்கேயும் மீதிப் பங்கைப் பெறலாம். ஆதாரும் கைரேகையும் பொருந்த வேண்டும். பாத்திரம் துலக்கித் தேய்ந்த அத்தையின் விரலை இயந்திரம் ஏற்பதற்கு நான்கு முறை வைக்க வேண்டியிருந்தது.

காய்கறிக்கு ஓக்லா மண்டி. அங்கே ஐந்து கிலோவை ஒரு ‘தடி’ என்பர். அதற்குக் குறைந்து கேட்டால் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்கள். தனியாகப் போனால் ஆட்டோக் கூலி ஆதாயத்தை விழுங்கிவிடும். நான்கு குடும்பங்கள் சேர்ந்து போய் வெங்காயம், உருளைக்கிழங்கு, ஜனவரியில் பச்சைப் பட்டாணி என வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். பிரிப்பதில் சண்டை வராதிருக்க எடை போடுபவர் கடைசியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் சட்டம். பெண்கள் போவதே உத்தமம். தில்லி அரசுப் பேருந்துகளில் 2019 அக்டோபர் 29 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. திரும்பும்போது மட்டும் மூட்டைகளுக்காக ஆட்டோ. அத்தையின் இரத்த அழுத்த மாத்திரைக்கு ஜன் ஔஷதிக் கடை. மருந்தின் மூலப்பெயரை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டால் அங்கே அலைச்சலில்லை.

இனிச் சேமிப்பு. தமிழில் ‘சிறுவாடு’ என்றொரு சொல் உண்டு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பெண்கள் எவரும் அறியாமல் வைத்துக்கொள்ளும் பணம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அத்தை அரிசிப் பானைக்குள்ளிருந்து இருபத்து மூன்று 500 ரூபாய்த் தாள்களை எடுத்து மகன் முன் வைத்தார். இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் ரூபாய் வரை செலுத்தினால் கேள்வி கேட்கப்படாது என்று அரசு சொன்னது. வங்கி கேட்கவில்லை, உறவினர்கள் கேட்டார்கள். கணக்கில் ஏறிய ஒரு மாதத்துக்குள் ஒரு வளைகாப்புக்கும் ஒரு மோட்டார் பழுதுக்கும் அந்தப் பணம் போயிற்று. பானையில் இருந்தவரை அதற்கு இருந்த பூட்டு, அது இருப்பது எவருக்கும் தெரியாது என்பதே. வங்காளதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாட்டு ஏழைக் குடும்பங்களின் பணக் குறிப்பேடுகளைத் தொகுத்து 2009இல் வெளிவந்த ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்’ என்ற நூலும், சேமிப்பைக் கைக்கெட்டாத இடத்தில் வைக்க எளிய மக்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதை விரிவாகக் காட்டுகிறது. அவர்களுட் சிலர் இதே தில்லியின் குடிசைப் பகுதியினர். இப்போது அஞ்சலகத்தில் அத்தை பெயரில் மாதம் 500 ரூபாய் தொடர்வைப்பு போடுகிறோம். குறுஞ்செய்தி வருவது அத்தையின் கைபேசிக்கு மட்டும்.

எதைக் குறைக்கக் கூடாது என்பதையும் எழுத வேண்டும். என்னைப் பொறுத்தவரை இப்பதிவின் காரணமே அதுதான். சென்ற ஆண்டு உதவித்தொகை வராத மூன்று மாதங்களிலும் நோட்டில் பாலின் அளவு குறையவில்லை. நாளுக்கு ஒன்றரை லிட்டர், மதர் டெய்ரி சாவடியில் பாத்திரம் கொண்டுபோய் வாங்குவது, பாக்கெட்டைவிட மலிவு. ஆனால் அம்மாதங்களில் அத்தை வரக்காப்பி குடித்தார். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். தொகை வந்த மாதத்தில் பால் ஒத்துக்கொண்டது. அடுத்த வறட்சியில் மீண்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தத் தொடர்பைக் காண ஆய்வுப் பட்டம் தேவையில்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 விழுக்காடு. இதற்குக் காரணங்கள் பல. மருத்துவக் காரணங்களும் அவற்றுள் உண்டு. ஆயினும் ஒரு வீட்டின் சிக்கனம் யாருடைய தட்டிலிருந்து எடுக்கப்படுகிறது என்று எந்த வரவுசெலவு நோட்டும் கேட்பதில்லை. என் நோட்டில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது: முட்டை, பால், பருப்பு, இவற்றை யார் உண்டனர். அத்தைக்கு இதில் கடுங்கோபம். "சாப்புடுறதையெல்லாமா எழுதுவ?" என்றார். எழுதுகிறேன். ஞாயிறன்று அவரே தம் பெயருக்கு நேரே ‘முட்டை 1’ என்று எழுதியிருந்தார்; உண்டாரா, கோபத்தில் எழுதினாரா என்று மகளிடம்தான் விசாரிக்க வேண்டியிருந்தது. உண்டாராம்.

ஏப்ரல் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். உதவித்தொகை இல்லாத முதல் மாதம். வாடகை, பால், மாத்திரை, தொடர்வைப்பு ஆகிய நான்கு வரிகளை மையில் எழுதிவிட்டேன்; மற்றவை பென்சிலில். மாலையில் இரு பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். அது இயல்களை இரண்டு மாதம் பின்தள்ளும் என்று நெறியாளரிடமும் சொல்லியாயிற்று.

வரும் ஞாயிறு ஓக்லா மண்டிக்குப் போகிறோம். முனிர்கா, பேர் சராய்ப் பக்கத்து நண்பர்கள் எவருக்கேனும் வெங்காயத்தில் பங்கு வேண்டுமாயின் வெள்ளிக்கிழமைக்குள் உள்பெட்டியில் தெரிவிக்கவும். பை நீங்களே கொண்டுவர வேண்டும்.