கணினிக்கு நினைவு போதாதா?

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கு எழுந்தது. வாதி என் மூத்த மகள். உயர்தர வகுப்பிற் படிப்பவள். பிரதிவாதி, 2018 ஆம் ஆண்டில் வாங்கிய எங்கள் மேசைக் கணினி. நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தவன் நான். தீர்ப்பு வழங்கச் சென்ற நீதிபதியே ஈற்றிற் குற்றவாளிக் கூண்டில் ஏற நேர்ந்தது. அக்கதையை வாசகர்களிடம் மறையாது சொல்லிவிடுதல் நன்று எனக் கருதுகின்றேன்.

மகளின் முறைப்பாடு இது: இணையவழி வகுப்பு நடக்கையில் ஆசிரியரின் குரல் அறுந்து அறுந்து வருகிறது; குறிப்பெழுத வேறொன்றைத் திறந்தால் திரை உறைந்து நின்றுவிடுகிறது. "அப்பா, இதற்கு ரேம் காணாது. 4 கிகாபைட்தான் இருக்கிறது. 16 ஆவது போட வேணும்" என்றாள். புத்தளம் நகரிலே கணினி திருத்தும் இளைஞர் ஒருவரும் அதனையே சொல்லியிருந்தார்.

என் கையில் அப்பொழுது இருந்த பணம் கிணற்று மோட்டரைத் திருத்துவதற்கென ஒதுக்கியது. கோடையில் வண்ணாத்திவில்லுச் செம்மண் எவ்வாறு காய்ந்து கிடக்கும் என்பதை இப்பக்கத்தார் அறிவர். மரமுந்திரிகை எவ்வெயிலையும் பொறுக்கும். வீட்டு வாழையும் கறிவேப்பிலையும் பொறா. அன்றியும், கணினிப் பொருள்கள் யாவும் வெளிநாட்டிலிருந்து வருவன. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதை மறத்தல் இயலுமா? உலகிற்கு வேண்டிய நினைவகச் சில்லுகளிற் பெரும்பகுதியைச் செய்வன சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்னும் மூன்று நிறுவனங்களே. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினி நிலையங்கள் அச்சில்லுகளை வாரிக்கொள்ளவே, 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவற்றின் விலை உலகெங்கும் ஏறியது. சிலிக்கனுக்கு வந்த கிராக்கி செம்மண் நிலத்து ஆசிரியன் வீட்டுக் கணக்கையும் தொட்டது.

பணமில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அவ்வாறு சொல்லவில்லை. "ஒரே வேளையில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்திருக்கிறாய். உன் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அதற்குக் கணினி என்ன செய்யும்? ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்" என்றேன். மகள் மறுமொழி கூறாது எழுந்து சென்றாள். அதன்பின் அவள் அதுபற்றிக் கேட்கவேயில்லை. "மேடை கோணலோ இல்லையோ, ஒருமுறை குனிந்து பார்த்திருக்கலாமே" என்று மட்டும் மனைவி சொன்னாள்.

அச்சொல் உறுத்தியது. பாடசாலையிலே தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் நண்பரிடம் விடயத்தைச் சொன்னேன். "மாஸ்டர், மருந்து வாங்க முதல் நாடி பாருங்கள்" என்று நகைத்தவர், நாடி பார்க்கும் வழியையும் சொல்லித் தந்தார். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், எந்த வேலை எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்னும் பட்டியல் திரையில் வரும்.

கணினியின் 'நினைவு' எனப்படுவது யாது என்பதை அன்றுதான் செவ்வையாக உணர்ந்தேன். தமிழாசிரியனாகிய எனக்கு அது சதாவதானத்தை நினைவூட்டியது. புலோலியிற் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளையும், 1907 ஆம் ஆண்டிற் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவையோர் வியக்கச் சதாவதானம் செய்த செய்குத்தம்பிப் பாவலரும் பெற்ற புகழ், அவர்கள் கற்ற நூல்களின் தொகையால் மட்டும் வந்ததன்று. மணியோசையை எண்ணுதல், முதுகில் விழும் பொருளை எண்ணுதல், கேட்ட ஈற்றடிக்குப் பாட்டுக் கட்டுதல் எனப் பலவற்றை ஒரே வேளையில் மனத்தில் ஏந்திய ஆற்றலால் வந்தது அது. கணினியின் வன்தட்டு கற்ற நூல்களைப் போன்றது. மின்சாரம் நின்றாலும் அதிலுள்ளவை அழியா. ரேம் என்பது அவதானியின் மனம். அந்நேரத்து வேலைகளை ஏந்துவது. மின்சாரம் நின்றால் யாவற்றையும் மறப்பது.

ஏந்த முடியாத அளவுக்கு வேலை மிகுந்தால் கணினி யாது செய்கிறது? ஒரு பகுதியை வன்தட்டில் இறக்கி வைத்து, வேண்டும்போது மீட்டெடுக்கிறது. ஆனால் எங்களிடமுள்ளதைப் போன்ற சுழலும் வன்தட்டு, ரேமிலும் ஏறத்தாழ ஓரிலட்சம் மடங்கு தாமதமானது. ஒரு விநாடியில் எடுக்கக்கூடிய பொருளை எடுக்க ஒரு நாளுக்கு மேல் நடந்து செல்வதற்கு ஒப்பாகும் இது. ஆகவே, நினைவகம் பெரிதும் நிரம்பியிருப்பது மட்டும் குறையன்று. அது நிரம்பி, வன்தட்டும் ஓயாது உழன்று கொண்டிருந்தால், அதுவே நினைவு போதாமையின் அடையாளம்.

ஏழு நாள் ஒரு கொப்பியிற் கணக்கெழுதினேன். முதல் நாளே நாணம் காத்திருந்தது. மகள் கணினியைத் தொடுமுன்னரே 4 கிகாபைட்டில் 2.9 நிரம்பியிருந்தது. பட்டியலைப் பார்த்தால், நச்சுநிரல் காவலுக்கென ஒன்றுக்கு இரண்டு மென்பொருள்கள், பஞ்சாங்கம் ஒன்று, நான் ஒரு காலத்தில் நிறுவி மறந்த வேறு மூன்று. யாவும் கணினி விழிக்கும்போதே தாமும் விழித்து அமர்ந்துகொள்வன. யாவும் என் கைங்கரியம்.

1969 ஆம் ஆண்டு யூலை 20 ஆந் திகதி சந்திரனில் இறங்கிய கலத்தின் கணினிக்கு, எழுதி அழிக்கத்தக்க நினைவகம் 2,048 சொற்கள், அஃதாவது ஏறத்தாழ 4 கிலோபைட் மாத்திரமே. எங்கள் வீட்டுக் கணினியில் இருந்ததோ அதிற் பத்து இலட்சம் மடங்கு. இறங்கும் வேளையில் அக்கணினி 1202 என்னும் அபாய அறிவிப்பை எழுப்பியது. அவ்வேளைக்கு வேண்டாத ஒரு ரேடார் கணினியின் நேரத்தைத் தின்றதனால், முடியாத வேலைகள் குவிந்து, அவற்றை வைக்க நினைவகத்தில் இடமில்லாது போயிற்று. ஆயினும் அது முக்கியமல்லாத வேலைகளைக் கைவிட்டு, இறக்கும் வேலையைத் தொடர்ந்து செய்து முடித்தது. அவ்விவேகம் எனக்கு வாய்த்திருக்கவில்லை.

வேண்டாதவற்றை நீக்கியதும் 2.9 என்பது 2.1 ஆகக் குறைந்தது. வகுப்பு மட்டும் நடந்தபோது தடையில்லை. அத்துடன் வழக்கை முடித்திருப்பேன். ஆயினும் மகள் தன் பக்கங்களையும் திறந்ததும் எண்ணிக்கை 3.8 க்கு ஏறியது. வன்தட்டு நூற்றுக்கு நூறு வீதம் உழன்றது.

அப்பொழுதுதான், முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "இத்தனை பக்கம் ஏன் திறந்திருக்கிறது, பிள்ளை?"

அவள் தயங்கிச் சொன்னாள்: "மூடினால் திரும்ப வருமோ என்று பயம், அப்பா. பகலில் சிக்னல் இல்லை. இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் இவை திறக்கும். திறந்ததை அப்படியே வைத்துத்தான் அடுத்த நாள் படிக்கிறேன்."

நான் மனச்சிதறல் என்று எண்ணியது சிக்கனமாக இருந்தது. மழை பெய்யும்போது பாத்திரங்களையெல்லாம் முற்றத்தில் வைப்பவளை, வீடு நிறையப் பாத்திரம் என்று ஏசியவனானேன். அவள் நள்ளிரவு வரை விழித்திருந்ததை அதே வீட்டில் உறங்கிய நான் அறியவில்லை.

நண்பரிடம் கேட்டு, சேமிக்கத்தக்க வினாத்தாள்களையும் குறிப்புகளையும் வன்தட்டிற் சேமித்தோம். அதன் பின்னரும் எட்டு ஒன்பது பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டியிருந்தது. ஆகவே தேவை மெய்யானது. கணினியைத் திறந்து பார்த்தோம். நினைவகத் தட்டு செருகும் இடங்கள் இரண்டில் ஒன்று வெறுமையாக இருந்தது. உள்ளதே போன்ற டீடீஆர்4 வகையில் இன்னுமொரு 4 கிகாபைட் செருகினால் போதும் என்று நண்பர் கணித்தார். பதினாறு கேட்ட மகளுக்கும், ஒன்றும் வேண்டாம் என்ற தந்தைக்கும் இடையில் உண்மை எட்டில் நின்றது.

"முதலில் மோட்டரைத் திருத்துங்கள், அப்பா. ஒரு மாதம் நான் சமாளிப்பேன்" என்றவளும் அவளே. அவ்வாறே செய்தோம். அடுத்த மாதம் தட்டைச் செருகியபின், அதே வேலைகளுக்கு 5.3 கிகாபைட் பிடித்தது, வன்தட்டு அடங்கிற்று. ஆசிரியரின் குரலும் அறுபடாது வந்தது. சிக்னல் மாத்திரம் இன்னும் பதினொரு மணிக்கே வருகிறது. இப்பொழுது அவ்வேளையில் அவளுக்குத் தேநீர் வைத்துக் கொடுப்பது என் வேலை.

நினைவகம் வாங்க எண்ணும் பெற்றோருக்கு நான் கூறுவது இதுவே: ஒரு வாரம் கணக்குப் பாருங்கள், வேண்டாததை நீக்குங்கள், அதன்பின்னும் போதாதாயின் வேண்டிய அளவே வாங்குங்கள். கணினியின் சுமையை அறிய மூன்று விசைகள் போதும். பிள்ளையின் சுமையை அறிய அத்தகைய விசை ஒன்றுமில்லை. கேட்டுத்தான் அறிதல் வேண்டும்.