கிழமை பார்த்துக் கூடும் கூட்டம்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹல் நகரத்தை அதே பெயருள்ள ஓர் ஆறு இரண்டாக வகிர்ந்துகொண்டு போகிறது. மேற்கே ஹல் எஃப்சி, கறுப்பும் வெள்ளையும். கிழக்கே ஹல் கேஆர், சிவப்பும் வெள்ளையும். புனித வெள்ளியன்று இந்த இரண்டு அணிகளும் மோதும் ரக்பி லீக் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். ஆட்டம் தொடங்க வெகுநேரம் இருக்கும்போதே தெருக்கள் நிறைந்துவிட்டன. கைக்குழந்தைக்கும் அணிச் சட்டை, சக்கர நாற்காலியில் வந்த பாட்டிக்கும் அணிச் சட்டை. கணவர் ஒரு நிறத்திலும் மனைவி மறு நிறத்திலுமாகக் கைகோத்து நடந்த தம்பதிகளைக் கண்டு மலைத்து நின்றேன். எம்கேஎம் மைதானத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல். ஹல் சென்னையைப் போலப் பெரிய ஊர் இல்லை. மக்கள்தொகை மூன்று லட்சத்துக்கும் குறைவு. அந்த ஊருக்கு இது எவ்வளவு பெரிய திருநாள் என்று அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் புரிந்தது.

பிறகு மேற்கே லங்காஷயர் பக்கம் போய் ஒரு வியாழக்கிழமை இரவு ஆட்டம் பார்த்தேன். அதே சூப்பர் லீக் போட்டித் தொடர்தான். ஆட்டம் ஹல்லில் பார்த்ததைவிட ஒருபடி மேல் என்றே சொல்வேன். ஆனால் எதிரணி ரசிகர்களுக்கான பக்கத்தில் சில வரிசைகள்தான் நிரம்பியிருந்தன. இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடியப் பத்து மணி நெருங்கிவிடுகிறது. மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பெரியவர்களுக்கு வேலை. யார்க்‌ஷயரிலிருந்து ரயிலில் வந்தவர் வீடு திரும்ப நள்ளிரவாகும். அந்தக் கிழமையையும் நேரத்தையும் கேட்டது தொலைக்காட்சி. பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி, தன் இரண்டு பேரப்பிள்ளைகளையும் வெள்ளி, ஞாயிறு ஆட்டங்களுக்கு மட்டுமே அழைத்துவர முடிகிறது என்றார். அவர் குரலில் கோபம் இல்லை; வருத்தம் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

ஏனென்றால் இந்த விளையாட்டு பிறந்ததே கிழமைத் தகராறில்தான். ஹடர்ஸ்ஃபீல்ட் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சதுக்கத்தின் ஓரத்தில் ஜார்ஜ் ஹோட்டல் கட்டடம் நிற்கிறது. 1895 ஆகஸ்ட் 29 அன்று வட இங்கிலாந்தின் ரக்பி சங்கங்கள் இங்கே கூடித்தான் தனியே பிரிந்தன. அந்தப் பகுதியின் ஆட்டக்காரர்கள் பலர் ஆலைத் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியை ஈடுசெய்யக் கேட்டதற்கு, பணம் வாங்கினால் அது விளையாட்டே அல்ல என்றார்கள் லண்டன் கனவான்கள். பிரிந்தவர்கள் நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் ஈட்டுத்தொகை தர ஒப்புக்கொண்டார்கள். பார்க்க வருபவர்களும் அதே ஆலைக்காரர்கள்தான். 1850ஆம் ஆண்டுச் சட்டம் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நெசவாலைகளை மூட வைத்தது. ஆலைச் சங்கு ஊதிய பிறகு மைதானத்துக்கு நடக்க ஆகும் நேரத்தை விட்டு ஆட்டம் தொடங்கியது. உழைப்பவனுக்கு எப்போது கை ஓய்கிறதோ அப்போது ஆட்டம்: இதுதான் அந்தச் சதுக்கத்தில் எழுதப்படாத முதல் விதி.

நூறு ஆண்டுக்குப் பிறகு அந்த விதி தலைகீழானது. தொலைக்காட்சி அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் ஐந்தாண்டுக்கு 8 கோடியே 70 லட்சம் பவுண்டு தந்தது. 1996இல் சூப்பர் லீக் பிறந்தது. குளிர்காலச் சேற்றில் நடந்த விளையாட்டு கோடைக்கு மாறியது. கோடை மாற்றம் நல்லதென்றே நினைக்கிறேன். காய்ந்த தரையில் ஆட்டம் வேகமாகிறது, குழந்தைகளோடு வரலாம். கிழமைதான் ரசிகரின் கையை விட்டுப் போயிற்று.

தொடரின் அமைப்பும் கூட்டத்தைக் கூட்டும், கலைக்கும். 2015 முதல் 2018 வரை இருந்த ‘சூப்பர் எய்ட்ஸ்’ முறையில் 23 சுற்று முடிந்த பிறகே இரு பிரிவுகளின் 24 அணிகளும் எட்டெட்டாகப் பிரியும். கடைசிக் கட்டத்தில் யாரோடு, எங்கே, என்றைக்கு என்பது முன்கூட்டித் தெரியாது. விடுப்பு எழுதிக் கொடுத்து, பேருந்து பேசி வெளியூர் போகிற ரசிகர் என்ன செய்வார்? ஆனால் அதே முறைதான் ‘மில்லியன் பவுண்ட் ஆட்டம்’ என்ற வாழ்வா சாவா மோதலையும் தந்தது. 2016இல் சொந்த மண்ணில் கடைசி இரண்டு நிமிடம்வரை 18-10 என முன்னிலை வகித்த ஹல் கேஆர், சால்ஃபோர்டிடம் 19-18 எனத் தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அந்த ஹல் கேஆர்தான் 2025இல் அந்த ஆண்டின் முக்கியமான மூன்று கோப்பைகளையும் வென்றது. இன்னொரு பக்கம், 12 அணிகளை வைத்து 27 சுற்று நடத்தியபோது ஒரே எதிரணி மூன்றாம் முறையும் வந்து நின்றது. மூன்றாம் முறைக்குப் பெருநாள் வாசம் ஏது?

கிழமை மட்டுமே எல்லாமும் அல்ல என்று பிராட்ஃபோர்டில் ஆட்சல் மைதானத்தின் விளிம்பில் நின்றபோது தோன்றியது. பழைய கற்குழியில் குப்பை கொட்டி மேடாக்கிய பெருங்கிண்ணம் அது. 1954 மே 5, ஒரு புதன்கிழமை. ஹாலிஃபாக்ஸும் வாரிங்டனும் வெம்ப்ளியில் 4-4 எனச் சமன் செய்த கோப்பை இறுதி இங்கே மறுபடி ஆடப்பட்டது. அதிகாரபூர்வக் கணக்கே 1,02,569 பேர். வார நாள்தான். ஆனால் மே மாத மாலை, பக்கத்து ஊர் அணி, இனி வாய்க்காத ஆட்டம். இறங்கிக் கிடக்கும் அந்தப் படிகளைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ!

2025இலிருந்து சூப்பர் லீக்கில் யார் இருப்பது என்பதை ஆட்ட முடிவு மட்டும் தீர்மானிப்பதில்லை. விளையாட்டு வணிக நிறுவனமான ஐஎம்ஜி வகுத்த மதிப்பீட்டில் சங்கத்துக்கு 20க்கு இத்தனை புள்ளி என்று வருகிறது. 2024 தொடருக்கு மேலே ஏறி வந்த லண்டன் பிராங்கோஸ், ஆடத் தொடங்கும் முன்பே திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்தே ஆடியது, அப்படியே ஆயிற்று. அந்தப் புள்ளிகளில் சொந்த மைதானத்துக்கு வரும் சராசரிக் கூட்டத்துக்கும் பங்குண்டு. தொலைக்காட்சிக்காக வியாழன் இரவுக்குத் தள்ளப்பட்ட ஆட்டத்தின் காலி வரிசைகளும் அந்தச் சங்கத்தின் கணக்கில்தான் ஏறும்.